சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எங்கோ வாயு கசிகிறது, ரயில் தடம் புரள்கிறது, ஆலையில் தீப்பிடிக்கிறது. அடுத்த வாரமே ஊர் இளைஞர்கள் சிலர் ‘பேரிடர் மீட்புக் குழு’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு பயிற்சியாளர் வருகிறார். கல்யாண மண்டபத்தில் அரை நாள் வகுப்பு, தகரத் தட்டில் மூட்டிய தீயை அணைத்துக் காட்டும் செயல்விளக்கம், சான்றிதழ், பளபளக்கும் மேலங்கி, குழுப்படம், அவ்வளவுதான். இந்த ஆர்வத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவரிடம், ‘பக்கத்து ஆலையில் எந்த ரசாயனத்தை வைத்திருக்கிறார்கள், அங்கே சங்கு ஊதினால் நீங்கள் எந்தப் பக்கம் போக வேண்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அதைச் சொல்லித்தர வேண்டிய கடமை யாருக்கு என்று 1996-லேயே விதி எழுதியாகிவிட்டது. நம் ஆட்களோ அந்த அலுவலகத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் போய்ப் பயிற்சி கேட்கிறார்கள். அந்த அலுவலகமும், யாரும் கேட்கவில்லையே என்ற நிம்மதியில் இருக்கிறது.

அண்மைய விபத்துகள் நடந்த நேரத்தைக் கவனியுங்கள். 2023 டிசம்பர் 26 அன்று, நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடியவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்றிரவு ஆலை வாயிலருகே அளந்தபோது காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. நாள் சராசரி வரம்பு 400. கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மைசூரு-தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் மோதியது 2024 அக்டோபர் 11, இரவு எட்டரை மணி வாக்கில். திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்தது 2025 ஜூலை 13, விடியற்காலையில். விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு வீடுகளுக்குள் புகுந்ததும் விடியுமுன்னே. போபாலோ நள்ளிரவு. இவற்றில் ஒன்றுகூட அலுவலக நேரத்தில் நடக்கவில்லை. செய்திப் படங்களில் நாம் பார்க்கும் பாதுகாப்பு ஒத்திகையோ நல்ல வெயிலில், அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க நடக்கிறது. இருட்டில், மின்சாரம் இல்லாமல், ஆண்கள் பாதிப் பேர் நைட் ஷிப்ட் போயிருக்கும் நேரத்தில் தெருவைக் காலி செய்து பார்த்த ஊர் எது? தன்னார்வலர் தேவைப்படுவது அந்த முதல் கால் மணி நேரத்துக்குத்தான். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்த பிறகு அவருக்குக் கூட்டத்தை ஒதுக்குகிற வேலைதான் மிச்சம்.

‘ஆலையில் சங்கு இருக்கிறதே, அது எச்சரிக்காதா’ என்பார்கள். விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலும் இருந்தது. 2020 மே 7 விபத்தை விசாரித்த ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு, அந்தச் சங்கை ஒலிக்கச் செய்ய ஆலைக்குள் 36 இடங்களில் வசதி இருந்தும் அன்று ஓரிடத்திலிருந்தும் அது இயக்கப்படவில்லை என்று கண்டது. ஆலையை ஒட்டிய ஆர்.ஆர். வெங்கடாபுரம் மக்கள் வாடையை வைத்தும் பக்கத்து வீட்டு அலறலை வைத்தும்தான் ஆபத்தை அறிந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சங்கு ஊதாவிட்டாலும் ஊர் தானாக நகரத் தெரிந்திருக்க வேண்டும். ஊதினால், ஒத்திகைச் சங்கு எது, நிஜச் சங்கு எது, ஆபத்து நீங்கிய சங்கு எது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் எந்தக் கல்யாண மண்டப வகுப்பும் சொல்லித்தராது. அந்தந்த ஆலையின் அவசரகாலத் திட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் சொல்லித்தர முடியும்.

பொதுப்படையான பயிற்சி சில சமயம் ஆளையே கொன்றுவிடும். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு வெளியேறுவது உதவும். அது காற்றைவிட லேசான வாயுதான்; ஆனால் குளிரூட்டி, அழுத்தி வைத்த கலத்திலிருந்து பீறிடும்போது வெள்ளைப் பனி மாதிரித் தரையோடு தரையாக நகரும். குளோரின் காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் தாழ்வான வீட்டிலும் தங்கும். அங்கே மேட்டுக்கோ மாடிக்கோ போவது நல்லது. சமையல் வாயு கசிந்த இடத்தில் விளக்குச் சுவிட்சைப் போடுவதும், பைக்கை உதைத்துக் கிளப்புவதும் தீ வைப்பதற்குச் சமம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகள் அதிகம். உருகிய உலோகத்தின்மீது வாளித் தண்ணீரை ஊற்றினால் அது நீராவியாகி வெடித்து, ஊற்றியவர் முகத்திலேயே தெறிக்கும். தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கிய மூன்றாமவரும் மாண்ட செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்தாயிற்று! எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றுண்டு: வாடை வரும் திசையை நோக்கிப் போகாதீர்கள், காற்று போகும் திசையிலும் ஓடாதீர்கள், காற்றுக்குக் குறுக்காக நகருங்கள். மற்றதெல்லாம் ரசாயனத்துக்கு ரசாயனம் மாறும். அதனால்தான், பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கும் பயிற்சி அரைப் பயிற்சிதான் என்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். போபாலுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளில் 15-வது விதி முக்கியமானது. பெருவிபத்து ஏற்பட்டால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு, அந்த ஆபத்து என்ன தன்மையது, அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதை ஆலை நிர்வாகம் நேரடியாகவோ மாவட்ட அவசரகால அதிகாரி மூலமாகவோ தெரிவித்தே ஆக வேண்டும். அதே விதிகளின்படி ஆலை மதிலுக்குள்ளான திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மதிலுக்கு வெளியேயான திட்டத்தை ஆண்டுக்குக் குறைந்தது ஒருமுறையும் ஒத்திகை பார்க்க வேண்டும். அடுத்து 1996-ஆம் ஆண்டு ரசாயன விபத்துகள் (அவசரகாலத் திட்டமிடல், தயார்நிலை, எதிர்வினை) விதிகள். இவை ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் ஓர் உள்ளூர் நெருக்கடிக் குழு வேண்டும் என்கின்றன. கோட்ட அளவிலான நிர்வாக நடுவர் தலைவர். தொழிற்சாலை ஆய்வாளர் உறுப்பினர் செயலர். தீயணைப்பு அலுவலர், காவல் நிலைய அதிகாரி, வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார அலுவலர், ஆலைகளின் பிரதிநிதிகள், ரசாயன லாரி உரிமையாளர்கள் ஆகியோருடன், பக்கத்து ஊரின் தலைவர், உள்ளூர் மருத்துவர்கள் இருவர், சமூகப் பணியாளர்கள் இருவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என நம் ஆட்களுக்கும் அதில் இருக்கை உண்டு. இந்தக் குழு மாதந்தோறும் கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவிலான ஒத்திகை நடத்த வேண்டும். விபத்தைச் சமாளிப்போருக்குப் பயிற்சி தர வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். பொதுமக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும். கேட்டால் தகவல் தர வேண்டும் என்று 13-வது விதி தனியாகவே சொல்கிறது. இவ்வளவும் அரசிதழில் அச்சான கடமைகள். யாரிடமும் சலுகையாகக் கேட்க வேண்டியவை அல்ல.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை மனு எழுதுவது. கும்மிடிப்பூண்டி வட்டம் பொன்னேரி வருவாய்க் கோட்டத்தில் இருக்கிறது. எனவே மனு பொன்னேரி சார் ஆட்சியருக்குப் போக வேண்டும். நகல் ஒன்று திருவள்ளூர் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கு. இன்னொன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்துக்கு. ‘எங்கள் ஊருக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், ‘ஆவன செய்யப்படும்’ என்ற ஒருவரிப் பதிலோடு கோப்பு மூடப்படும். பொருள் என்ற இடத்தில் ‘1996 விதிகளின்படி உள்ளூர் நெருக்கடிக் குழு மூலம் பயிற்சியும் தகவலும் கோருதல்’ என்று எழுதுங்கள். அலுவலகங்களில் இதை லோக்கல் கிரைசிஸ் குரூப் என்றுதான் சொல்வார்கள். இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ‘அப்படி ஒரு குழு இங்கே இல்லையே’ என்று எழுத்தர் திருப்பி அனுப்பக்கூடும். உள்ளே கேட்க வேண்டியவை: நம் ஊரைப் பாதிக்கக்கூடிய பெருவிபத்து அபாய ஆலைகளின் பெயர், ஒவ்வொன்றிலும் இருக்கும் முக்கிய ரசாயனம், சங்கின் வகைகள், ஊர் மக்கள் கூட வேண்டிய இடமும் போகும் வழியும், கடைசி ஒத்திகை நடந்த தேதி, அடுத்த ஒத்திகையில் நம் ஊரையும் சேர்க்க வேண்டும், அதில் ஒன்றாவது இரவில் நடக்க வேண்டும் என்ற கோரிக்கை, பயிற்சிக்கு ஆயத்தமாக இருப்போரின் பெயர்ப் பட்டியல். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரகத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். பொன்னேரியில் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ‘சார் பார்த்துக்கறேன்னு சொன்னார்’ என்பது எந்த மேல்முறையீட்டிலும் செல்லாது.

தனி ஆளாகக் கையெழுத்திடப் பலரும் தயங்குவார்கள், காரணமும் இருக்கிறது. வீட்டில் ஒருவராவது அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். அதனால் கோரிக்கையைக் கிராம சபைத் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் நடக்க வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு, நகலும் கேட்டு வாங்கி மனுவோடு இணையுங்கள். கைதட்டலோடு நிறைவேறிப் பதிவேட்டில் ஏறாமலே போன தீர்மானங்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமில்லை.

மனுவுக்கு ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘ஏன் ஒத்திகை நடத்தவில்லை?’ என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலையல்ல என்று சட்டப்படியே மறுத்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: உள்ளூர் நெருக்கடிக் குழுவை அமைத்த ஆணையின் நகல், தற்போதைய உறுப்பினர் பட்டியல், கடந்த 12 மாதக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், மாவட்ட நெருக்கடிக் குழுவுக்கு அனுப்பிய ஒத்திகை அறிக்கைகள், 1989 விதிகளின் 15-வது விதிப்படி எந்தெந்த ஆலை எந்தெந்த ஊருக்குத் தகவல் தந்தது என்பதற்கான கடிதங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘குறிப்புகள் ஏதுமில்லை’ என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். கூட்டமே நடக்கவில்லை என்பதற்கு அரசே கொடுத்த சான்று அது. அதை இணைத்து மறுபடி ஆட்சியருக்கு மனு கொடுங்கள். பதிவு எண்ணை மறக்காதீர்கள்.

அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு ஒன்றுண்டு: ரசாயனத்தின் பெயரைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள். எண்ணூரில் அன்றிரவு யாருக்கும் பெயர் தெரியாது. பீதி குறைவாகவா இருந்தது? பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவு பொய்யான எச்சரிக்கை பரப்புவோருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. உண்மையைத் தெரிவிப்பதை அந்தச் சட்டம் எங்கேயும் தடுக்கவில்லை. அதே சட்டத்தின் 30-வது பிரிவு சமூகப் பயிற்சியையும் விழிப்புணர்வையும் மாவட்ட ஆணையத்தின் வேலையாகவே வைத்திருக்கிறது. தொழில் ரகசியம் என்ற சாக்கும் எடுபடாது. தயாரிப்பு முறையை யாரும் கேட்கவில்லை. கிடங்கில் குளோரின் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். நெடுஞ்சாலையில் போகும் ரசாயன டேங்கர்கூடத் தன் சரக்கின் பெயரையும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் பின்புறப் பலகையில் எழுதிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. 1005 என்றால் நீரற்ற அம்மோனியா, 1017 குளோரின், 1075 சமையல் வாயு, 1203 பெட்ரோல். கொல்கத்தா நெடுஞ்சாலையோரத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதை அறிந்து, கவிழ்ந்த லாரியின் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்து 112-க்கோ 101-க்கோ சொன்னால், வருகிற தீயணைப்பு வீரர்கள் எதைக் கொண்டுவர வேண்டும் என்று அறிந்து வருவார்கள். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கிட்டே போகாதீர்கள். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தாலே எண் தெரியும்.

‘அரசே ஆப்த மித்ரா திட்டத்தில் பயிற்சி தருகிறதே, அது போதாதா?’ என்பது இன்னொரு கேள்வி. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்று விரிவாக்கிய நல்ல திட்டம் அது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு எல்லாம் உண்டு. இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அது வெள்ளத்தை மனதில் வைத்துப் பிறந்த திட்டம்; 18 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கானது. பன்னிரண்டு நாள் வீட்டை விட்டு வர எத்தனை பெண்களால் முடியும்? பகலில் ஊரில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும்தானே. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் ஆண், அவசரத்தில் எழுப்பப்பட வேண்டியவரே தவிர மற்றவரை எழுப்பக்கூடியவர் அல்ல. ஐம்பது வயது அங்கன்வாடிப் பணியாளருக்கும், ரேஷன் கடைக்காரருக்கும், மகளிர் குழுத் தலைவிக்கும் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்குத்தான் அந்த ஊரின் ரசாயனத்தையொட்டிய ஒரு நாள் பயிற்சி வேண்டும். அதைத் தர வேண்டியது உள்ளூர் நெருக்கடிக் குழு. அதற்கு எந்த விதியும் வயது வரம்பு வைக்கவில்லை. வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களை இந்தப் பட்டியலில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தமிழில் மட்டும் ஒலிபெருக்கியில் சொன்னால் அவர்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு வரிசையிலும் அவர்களிலேயே ஒருவரைப் பயிற்சிக்கு அழையுங்கள் என்று மனுவில் ஒரு வரி சேர்க்கச் செலவில்லை.

பெருவிபத்து அபாய ஆலை என்ற பட்டியலில், குறித்த அளவுக்கு மேல் ரசாயனம் வைத்திருப்பவைதான் வரும். சிறு ஐஸ் ஆலையும், டயர் எரித்து எண்ணெய் எடுக்கும் பட்டறையும், உருக்காலையும் அதில் இல்லாமல் போகலாம். அவற்றின் பெயரை மனுவில் தனியாக எழுதி, ஆட்சியரின் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கக் கேளுங்கள்.

கடைசியாக, தன்னார்வலருக்கே அடிபட்டால்? 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்க் கழிவை மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அள்ளியதை நாடே பார்த்தது. முதல் நாட்களில் கையுறைகூட இல்லாமல் பலர் இறங்கினார்கள். அது கூலிக்காக இருக்கட்டும், ஊர்ப் பற்றுக்காக இருக்கட்டும், பாதுகாப்பு உடை இல்லாமல் ரசாயனத்தில் இறங்காதீர்கள். யார் சொன்னாலும் இறங்காதீர்கள். தன்னார்வலரின் வேலை ஆட்களை எழுப்பி, நகர்த்தி, எண்ணிப் பார்த்து, தகவல் சொல்வதோடு முடிகிறது. வால்வை மூடுவது ஆலைக்காரர் வேலை. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி உதவுவோரை வழக்கிலிருந்து காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆலை விபத்துக்கு அது பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். ஆலை விபத்தில் கைகொடுப்பது 1991-ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். அபாயகரப் பொருளால் நேர்ந்த விபத்தில் அந்த ஆலையின் தொழிலாளி அல்லாத யாருக்குக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டாலும், யார் தவறு என்று நிரூபிக்காமலே ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். விபத்து நடந்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இருந்தும் இந்தச் சட்டத்தின் பெயரே தெரியாமல், வாயுக் கசிவுக்குப் பின் வீடு திரும்பிய மறுநாளே வெளிநோயாளிச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சீட்டை வைத்திருங்கள். அதில் நேரமும் ‘வாயு சுவாசித்ததால்’ என்ற காரணமும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் இருமல், வாந்தி என்று எழுதியிருந்தால் மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள்.